டிவி கேம் பற்றரியைக் குடிக்குமா? 96 உலகக் கிண்ணப் பழி இன்னும் என் தலையில்தான்

மண்டூர்த் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சின்னது, கதைதான் ஒள்ளுப்பம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் படுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை), மண்டூருக்குப் பக்கம். நான் சின்னவனாக இருந்த காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. டிவி பார்ப்பதென்றால் பற்றரிதான். மாமா வீட்டில் 14 இஞ்சி கறுப்பு வெள்ளை டிவி ஒன்றும் அதற்கு 12 வோல்ட் வாகனப் பற்றரி ஒன்றும் இருந்தன. பற்றரி இறங்கினால் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, மண்டூர்த் துறையில் பாதை ஏறி (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் எங்களுக்குத் தண்ணீரைக் கடக்கிற மிதவை), குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிகுடிக்கு மிதித்துப்போய் சார்ச் போடக் கொடுத்துவிட்டு, மறுகா அடுத்த நாள் போய் எடுத்து வரவேண்டும். பற்றரியோடு கடக்க விடுவார்களா மாட்டார்களா என்பது அன்றன்றைய நிலைமையைப் பொறுத்தது, அது வேறு கதை.

95 கடைசியில் குவைத்திலிருந்து வந்த சின்னம்மா எனக்கு ஒரு டிவி கேம் கொண்டுவந்தா. வெள்ளைப் பெட்டி, இரண்டு ஜோய்ஸ்டிக், ஒரு துவக்கு (விளையாட்டுத் துப்பாக்கி), '9999 இன் 1' என்று எழுதின ஒரு மஞ்சள் கசட். மரியோ, டாங்கி, கொன்ட்ரா, சர்க்கஸ், வாத்து சுடுறது. 9999 என்று போட்டிருந்தாலும் எண்ணிப் பார்த்தால் உண்மையில் இருபதோ என்னவோதான், மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்ப வரும். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் போனது, 400ஆம் இலக்கம் வரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

இப்போது விசயம். 1996 மார்ச் 17, லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதிப் போட்டி, இலங்கையும் அவுஸ்திரேலியாவும். மாமா இரண்டு நாளுக்கு முன்னமே பற்றரியைச் சார்ச் போட்டு எடுத்து, துணி போட்டு மூடி வைத்துவிட்டார். 16ஆம் தேதி இரவு எல்லாரும் படுத்த பிறகு நானும் மச்சானும் டிவியைப் போர்வையால் மூடி, சத்தத்தைக் குறைத்து, கொன்ட்ரா விளையாடினோம். சத்தியமாக இரண்டு மணித்தியாலம்தான்.

அடுத்த நாள் ஒழுங்கை முழுக்க மாமா வீட்டு முற்றத்தில். யார் எந்தப் பக்கம் என்கிற கதையெல்லாம் இருந்தது, ஆனால் அரவிந்த அடிக்கத் தொடங்கினால் எல்லாரும் ஒரு பக்கம்தான். அவுஸ்திரேலியா 241. நம்ம ஆட்கள் 23 ஓட்டத்துக்கு 2 விக்கெட். அப்புறம் குருசிங்கவும் அரவிந்தவும் நின்று பிடித்தார்கள். குருசிங்க 65 அடித்து ஆட்டமிழந்த கையோடு படம் நாலு பக்கமும் உள்ளே சுருங்கத் தொடங்கியது. அர்ஜுன வந்து நிற்கிறார், அவர் பாதி அளவாகத் தெரிகிறார், மறுகா தபால் முத்திரை அளவு, மறுகா ஒரு புள்ளி. அவ்வளவுதான். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டார்கள். அரவிந்தவின் 107ஐ எங்கள் ஊரில் ஒருவரும் கண்ணால் காணவில்லை.

மச்சான் காலையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு வாங்கின அடியை விடுங்கள். போன மாதம் மாமாவின் பேத்திக்குக் கலியாணம், பந்தியில் 70 வயது மனுசர் என்னைக் காட்டி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிறார், "இவன்தான் உலகக் கிண்ணத்தைக் குடிச்சவன்."

கேள்வி: டிவி கேம் உண்மையிலேயே அவ்வளவு பற்றரி இழுக்குமா?

இன்னொன்று. அம்மாவின் பெட்டகத்துக்குள் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. புது டிவியில் அன்ரெனா குத்துகிற இடத்தில் கொடுத்தேன். படம் வருகிறது, ஆனால் சத்தத்துக்குப் பதில் இரைச்சல். துவக்கும் வேலை செய்யவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கல்முனை ரிப்பேர்

தம்பி, 25 வருசத்துக்கு மேல் டிவி, ரேடியோ திருத்துகிறேன், இப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்ததில்லை. கணக்கைப் பார்ப்போம்.

14 இஞ்சி கறுப்பு வெள்ளை டிவி 12 வோல்ட்டில் ஒன்றரை அம்பியர் மட்டில் இழுக்கும். உன்னுடைய டிவி கேம் கால் அம்பியர், கூடிப்போனால் 0.3. ஆக இரண்டு மணித்தியாலத்துக்கு டிவி 3 அம்பியர்-மணி, கேம் அரை அம்பியர்-மணி. ஏழு பங்கில் ஒரு பங்குதான் கேம் குடித்தது. கேம் நிரபராதி.

ஆனால் அந்த நேரத்தில் டிவியை எதற்காகப் போட்டாய்? வழக்கு அங்கேதான் சிக்குகிறது.

சரி, இன்னும் ஒன்று. இறுதிப் போட்டி முழுவதும், இடைவேளையோடு, எட்டு மணித்தியாலம் என்று வை. 12 அம்பியர்-மணி. உன் மூன்றரையையும் சேர்த்தால் பதினைந்தரை. சாதாரண 40 அம்பியர்-மணி வாகனப் பற்றரி நல்ல நிலையில், முழுச் சார்ச்சில் இருந்திருந்தால் அரவிந்தவின் சதத்தையும் காட்டி, கிண்ணம் தூக்கினதையும் காட்டி, அடுத்த நாள் உனக்குக் கொன்ட்ராவும் தந்திருக்கும். ஆகவே ஒன்றில் பற்றரி தட்டுக் கழன்ற பழசு, இல்லாவிட்டால் சார்ச் போட்டவர் அரைவாசியில் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு சார்ச்சரில் ஆறேழு பற்றரியை வரிசையாக மாட்டிவைத்து, ஆள் வந்து நின்றால் கழற்றிக் கொடுக்கிற வழக்கம் இருந்தது. நானும் சின்னப் பொடியனாக அப்படி ஒரு கடையில் நின்றவன்தான். எந்த ஊர்க் கடை என்று கேட்காதே.

படம் சுருங்கினது பற்றிச் சொன்னாயே, அது சரி. பற்றரி பத்தரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த டிவிகளில் படம் சுருங்கும். பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது.

இரைச்சலுக்கு வருவோம். இதுகள் அநேகமாகச் சீனாவிலும் தாய்வானிலும் செய்தவை. நம் நாட்டு டிவி முறையில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் 5.5 மெகாஹேர்ட்ஸ் தூரம். சீன முறையில் 6.5. அதனால் படம் வரும், சத்தம் வராது. டிவியின் மெனுவில் சனல் தேடுகிற இடத்துக்குப் போ, தானாகத் தேடுவதை விட்டுவிட்டு கையால் தேடுகிறதை எடு, அங்கே சத்த முறை 'பி/ஜி' என்று இருக்கும், அதை 'டி/கே' ஆக மாற்று. பின்பக்கம் வீடியோவுக்கென்று மஞ்சள் குத்தி இருந்தால் அதில் கொடுப்பது இதைவிட நல்லது.

துவக்கு புது டிவியில் வேலை செய்யாது, முயற்சியே வேண்டாம். விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துவக்கின் வாய்க்குள் இருக்கிற கண்ணுக்கு முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் தெரிந்தால்தான் பட்டது என்று கணக்கு. அதனால்தான் பல்புக்கு நேரே பிடித்தால் படாது. குழாய் டிவியில் வெளிச்சம் உடனே வரும், வேகமாக மினுங்கும், துவக்கு அந்த மினுக்கத்தைத்தான் தேடும். தட்டை டிவி படத்தைப் பிந்திக் காட்டும், அந்த மினுக்கமும் அதில் இல்லை.

காத்தான்குடி காக்கா

கல்முனை ரிப்பேர் காக்கா தீர்ப்பே எழுதிட்டார், நான் சும்மா கதை சொல்லத்தான் வந்தேன்.

எங்க வாப்பா சவூதியில் இருந்தவர். 92இல் வரும்போது மைக்ரோ ஜீனியஸ் கொண்டு வந்தார், தாய்வான் சாமான். நாங்க ஒருத்தரும் நின்டெண்டோ என்ற பேரையே கேள்விப்பட்டதில்லை. ஜப்பானில் 83இல் ஃபமிகொம் என்று ஒன்று வந்தது, நாங்க வைத்திருந்ததெல்லாம் அதைப் பார்த்துச் செய்த பெட்டி என்பது எனக்கு இண்டர்நெட் வந்த பிறகுதான் தெரியும். இத்தனை வருசம் கொப்பியைத்தான் ஒரிஜினல் என்று நம்பி, ஒழுங்கைக்குள் வேறு கம்பெனிப் பெட்டி வைத்திருந்த பொடியனைப் பார்த்து "உன்னது டூப்ளிகேட்" என்று நக்கல் அடித்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நோன்பு காலத்தில்தான் பெரிய விளையாட்டு. தராவீஹ் முடிந்து சஹர் வரைக்கும். உம்மா ஒரு ஆளுக்கு மூன்று உயிர் என்று சட்டம் போட்டிருந்தா, செத்தால் கை மாறவேண்டும். டாங்கி கேமில் மட்டும் சண்டை வராது, ஏனென்றால் இரண்டு பேரும் ஒரே பக்கம், கழுகைக் காப்பாற்றவேண்டும். ஆனால் எங்க தம்பி எப்பவும் சொந்தக் கழுகுக்கே சுடுவான். வேணுமென்றேதான். இப்ப அவன் வங்கியில் மனேஜர்.

கொன்ட்ராவுக்கு ஒரு மந்திரம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ. முப்பது உயிர். அது எப்படிக் காத்தான்குடிக்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. புத்தகம் இல்லை, டெலிபோனே ஊரில் சில வீட்டில்தான். எனக்குச் சொன்னவனுக்குச் சொன்னவன் ஏறாவூர், அவனுக்குச் சொன்னவன் கொழும்பில் ஓதின பொடியன், அதற்கு அங்கால் தெரியாது. கொனாமியில் ஹஷிமோட்டோ என்றொருவர் 86இல் கிரேடியஸ் என்ற விளையாட்டைச் செய்யும்போது அது ஆகலும் கஷ்டமாக இருந்ததால் தனக்கு வசதியாகப் போட்ட குறுக்குவழியாம் அது. 2020இல் மௌத்தாகிவிட்டார். அந்த மனுசன் தனக்கென்று செய்ததை வைத்து நாங்க ஒரு நோன்பு மாசம் முழுக்க விழித்திருந்தோம்.

குருமண்வெளிப் பிள்ளை

அண்ணன்மார் எல்லாரும் விளையாடின கதை சொல்கிறீர்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கதையையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று அண்ணன், நான் ஒருத்தி. எனக்குக் கிடைத்த வேலை: கசட்டை ஊதிக் கொடுப்பது, பெட்டி சூடாகினால் விசிறியால் விசுக்குவது, அப்பா வருகிறாரா என்று வாசலில் நின்று பார்ப்பது. "பொம்பிளப் புள்ளைக்கு என்னத்துக்குத் துவக்கு" என்று வாத்து சுடுகிறதையும் தரமாட்டார்கள். ஒருநாள் சும்மா இருந்த ஜோய்ஸ்டிக்கைக் கையில் வைத்து அமத்திக்கொண்டிருந்தேன். ஒரு வாத்து மட்டும் வருகிற விளையாட்டு அது. நான் இடப்பக்கம் அமத்தினால் வாத்து இடப்பக்கம் பறக்கிறது. வலப்பக்கம் அமத்தினால் வலம். ஒருத்தரும் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து பெரியண்ணன் சுட வரும்போதெல்லாம் நான் மூலையில் இருந்து வாத்தைக் காப்பாற்றினேன். சின்னண்ணன் என்றால் விட்டுவிடுவேன், அவர் எனக்கு வீரைப்பழம் பறித்துத் தருகிறவர். மூன்று மாதமாகப் பெரியண்ணன் துவக்குப் பழுது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சொன்னதில்லை. இப்போது டொரொண்டோவில் இருக்கிறார், இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

அந்தத் துவக்கால் வந்த வினையையும் சொல்லவேண்டும். எங்களுடையது செம்மஞ்சள் நிறமில்லை, கறுப்பு, தூரத்தில் பார்த்தால் உண்மையான கைத்துவக்கு மாதிரியே. யுத்த காலம், ஒருநாள் விடிய படையினர் ஊரைச் சுற்றிவளைத்துவிட்டார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும், வீடுகளைப் பார்ப்பார்கள் என்று அறிவித்தல். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வயரை அடுக்களைக் கத்தியால் அறுத்தா, துவக்கை அடுப்புக்குள் வைத்தா, மேலே தேங்காய் மட்டை. பிளாஸ்டிக் எரிகிற மணம் வெளியே போகக்கூடாதென்று கருவாட்டை எடுத்து நெருப்பில் வாட்டினா. வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். பின்னேரம் அண்ணன்மார் திரும்பி வந்ததும் சின்னண்ணன் முதலில் கேட்டது துவக்கு எங்கே என்றுதான். அம்மா அன்றைக்குத்தான் அழுதா.

மண்டூர்த் தம்பி, உங்கள் துவக்கு இன்னும் இருக்கிறதென்றால் அதுவே பெரிய விசயம்.

உப்புக்காற்று

கல்லடி. எங்கள் பெட்டி 2004 டிசம்பர் 26இல் வீட்டோடு போனது. வேறு நிறையப் போனதால் அதை யாரும் தேடவில்லை. உங்கள் கதைகளை வாசிக்கத்தான் அதன் சத்தம் ஞாபகம் வந்தது, மரியோ சாகும்போது வருகிற அந்தத் துண்டு இசை. நன்றி.

புளியந்தீவு 2.0

இவ்வளவு கஷ்டம் எதற்கு என்று விளங்கவில்லை. ஃபோனில் எமுலேட்டர் (பழைய கேம் பெட்டி மாதிரி வேலை செய்கிற செயலி) போட்டால் எல்லாக் கேமும் இரண்டு நிமிடத்தில் ஓடும். முதல் மரியோ முழுசும் 40 கிலோபைட்தான், நீங்கள் வட்சப்பில் அனுப்புகிற காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிசு. வேண்டிய இடத்தில் சேமிக்கலாம், செத்தால் பின்னுக்குப் போகலாம். பழைய பெட்டி வீட்டில் குப்பைதான், அடாப்டர் வெடித்தால் யார் பொறுப்பு?

காத்தான்குடி காக்கா

@புளியந்தீவு 2.0 தம்பி, நானும் போட்டுப் பார்த்தேன். செத்தால் பின்னுக்குப் போகலாம் என்றதும் பத்தாவது நிமிசத்தில் அலுத்துவிட்டது. செத்தால் ஜோய்ஸ்டிக் தம்பி கைக்குப் போகும் என்ற பயம் இருந்தால்தானே பள்ளத்தைப் பார்த்துப் பாய்வோம்? ஆனால் அடாப்டர் விசயத்தில் நீங்க சொல்வது சரி, அதைப் பார்க்கத்தான் வேணும்.

மண்டூர்த் தம்பி

எல்லாருக்கும் நன்றி. 'டி/கே' போட்டதும் சத்தம் வந்துவிட்டது. அம்மா குசினிக்குள் இருந்தே "டே, நிப்பாட்டு, மாமாட பற்றரி" என்றா. எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது, அவவுக்கு அந்தச் சத்தம் கேட்டால் வருகிற வார்த்தை இன்னும் அதுதான்.

குருமண்வெளிப் பிள்ளை சொன்னதை வாசித்துவிட்டுப் போய்த் துவக்கை எடுத்துப் பார்த்தேன். எங்களுடையது சாம்பல் நிறம். அம்மாவிடம் கேட்டேன், அந்தக் காலத்தில் இதை எங்கே வைத்திருந்தாய் என்று. நெல்லுச் சாக்குக்குள் என்றா. நான் அது மேசைக்குக் கீழேதான் எப்போதும் கிடந்ததென்று நினைத்திருந்தேன்.

கணக்கை மாமாவுக்கு ஃபோனில் சொன்னேன். ஏழில் ஒரு பங்குதான் கேம், சார்ச் போட்டவன்தான் கள்ளன் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தச் சார்ச் போட்ட பொடியன் நல்ல பொடியன் மனே, நீதான் குடிச்ச" என்றார். மேன்முறையீடு தள்ளுபடி.

கடைசியாக ஒன்று: சிலநேரம் படம் வராமல் சாம்பல் திரை மட்டும் வருகிறது, ஊதினால் வருகிறது. அத்தோடு, சும்மா ஆசைக்கு மோட்டார்சைக்கிள் பற்றரியில் கொடுத்துப் பார்த்தேன், ஓடுகிறது, ஆனால் பெட்டியின் ஒரு மூலை நல்ல சூடு.

கல்முனை ரிப்பேர்

ஊதாதே. ஊதினதால் வந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மையில் கழற்றித் திரும்பக் குத்தினதால் வந்தது. எச்சில் ஈரம் பட்டால் செம்பு களிம்பு பிடிக்கும், நம் பக்கம் கடல் காற்றுக்கு இன்னும் கெதியாகப் பிடிக்கும். கசட்டைத் திறந்தால் கீழே 60 பல்லு இருக்கும், பள்ளிக்கூட அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடை.

அந்தச் சூடான மூலையில் 7805 என்று மூன்று கால் ஐசி ஒன்று இருக்கிறது, வருகிற கரண்ட்டை 5 வோல்ட்டாக இறக்குவது அதுதான். 12 கொடுத்தால் மிச்சம் 7 வோல்ட்டும் வெறும் சூடாகத்தான் போகும். அதற்குப் பின்னால் பெரிய அலுமினியத் தகடு ஒன்று பூட்டு. அடாப்டர் மாற்றினால் 9 வோல்ட் எடு, முதலில் குத்தியின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியில் பார், இதுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, மாறிக் கொடுத்தால் போச்சு. மூடியைத் திறக்கும்போது உள்ளே 40 கால் ஐசி இரண்டு தனித்தனியாக இருந்தால் திருத்தலாம், கறுப்புத் தார்ப்பொட்டு மட்டும் இருந்தால் பழுதாகும்வரை விளையாடு, பிறகு என்னிடம் கொண்டு வராதே.

வாத்து சுட ஆசையென்றால் 21 இஞ்சி குழாய் டிவி ஒன்று கடைப் பின்பக்கம் கிடக்கிறது, சும்மா தருகிறேன். தூக்க இரண்டு பேராக வா, சரியான பாரம். மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பற்றரிக் கதையை நேரில் கேட்கலாம். நான் அந்தக் காலத்தில் நின்ற கடை களுவாஞ்சிகுடியில்தான் இருந்தது.